பத்தாவது மின்வாய்

ஈ.சி.ஜி. எடுப்பதற்காக உடம்பில் பத்து மின்வாய்களைப் பொருத்துகிறார்கள்: மார்பில் ஆறு, கைக்கு ஒன்றாக இரண்டு, காலுக்கு ஒன்றாக இரண்டு. தாளில் பன்னிரண்டு வரைகள் விழுகின்றன. அந்தப் பன்னிரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் அதன் கணக்கில் வலது கால் மின்வாய்க்கு இடம் கிடையாது. மற்ற ஒன்பதும் இதயத்தின் மின்னழுத்தத்தை ஏதோ ஒரு கோணத்திலிருந்து அளக்கின்றன; பத்தாவது இதயத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ஆனால் அது சரியாக ஒட்டவில்லையென்றால் பன்னிரண்டு வரைகளும் கெடக்கூடும். ஒவ்வொரு கோட்டின்மீதும் நெருக்கமான சிற்றலை ஏறி, கோடு பட்டையாகத் தடித்துவிடும். நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும் தாளில் ஒரு மில்லிமீட்டர்க் கட்டத்துக்கு இரண்டு அலைகள் வீதம் எண்ணலாம். அது சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலை. உடலின் மெல்லிய மின்குறிகளிலிருந்து இந்த இரைச்சலை விலக்குவதற்கு ஏறத்தாழ நூறாண்டாக முயற்சி நடந்துவருகிறது. கருவிகள் படிப்படியாக நுட்பமடைந்தன, இரைச்சலும் படிப்படியாக அழிந்தது என்று அந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்வது பாதி உண்மைதான். இரைச்சலைத் துடைக்கும் உத்திகளால் கிடைத்த தெளிவைவிட, அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைக் கண்டுகொண்டதால் கிடைத்த தெளிவே பெரியது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. அந்த வழி பெரும்பாலும் கருவிக்குள் இல்லை. நோயாளியின் உடம்பிலும் தோலிலும் இருந்தது.

முதலில் ஒரு புதிரைப் பார்க்க வேண்டும். மனித இதயத்தின் மின்துடிப்பை முதன்முதலில் பதிவுசெய்தவர் அகஸ்டஸ் வாலர். 1887இல், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில். பாதரசம் ஏறி இறங்கும் நுண்குழாய் மின்மானியை அவர் பயன்படுத்தினார். அந்தக் கருவி மந்தமானது. அதற்கு மாற்றாக ஹாலந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1901இல் இழைக் கால்வனோமீட்டரை அறிவித்தார். வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையொன்றை வலிமையான மின்காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே கட்டி, இதய மின்னோட்டம் அதன்வழி ஓடும்போது இழை அசைவதை ஒளிப்படத் தகட்டில் பதித்தார்கள். கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். காந்தத்தைத் தண்ணீர்விட்டுக் குளிர்விக்க வேண்டும். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். 1905இல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகவே நோயாளியின் இதயத்துடிப்பை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பதிவுசெய்தார் ஐந்தோவன். 1924இல் நோபல் பரிசு வந்தது. இன்று பார்த்தாலும் அந்தப் பதிவுகளின் தூய்மை வியக்கவைக்கிறது. வடிகட்டி இல்லை, பெருக்கி இல்லை, கவச அறை இல்லை. ஐந்தோவனின் கருவியைவிடப் பல மடங்கு நுட்பமான கருவிகள் முப்பதாண்டு கழித்து இரைச்சலில் தத்தளித்தபோது, இந்தப் பழைய பாரமான கருவிக்கு அது ஏன் பெருந்தொல்லையாகவில்லை?

காரணங்கள் மூன்று. தொட்டி நிறைய உப்புநீர் என்பது மிகப் பெரிய மின்வாய். தோலின் பரந்த பரப்பைத் தொடுவதால் அங்கே மின்தடை குறைவு. இழையின் தடையும் சில ஆயிரம் ஓம் அளவில்தான். தடை குறைந்த சுற்றில் வெளியிலிருந்து நுழையும் அற்ப மின்னோட்டம் பெரிய மின்னழுத்தமாக வளர முடியாது. இரண்டாவது, இழையின் எந்த முனையும் எர்த்தோடு பிணைக்கப்பட வேண்டியதில்லை. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டுமே இழை அசையும். உடம்பு முழுவதும் ஒரேயடியாக ஏறி இறங்கும் மின்னழுத்தம் அதைத் தொடாது. மூன்றாவது, அந்தக் காலத்துக் கட்டடங்களில் இன்றிருப்பதுபோல் மாறுமின்சாரக் கம்பிகள் சுவரெங்கும் ஓடவில்லை. பல நகரங்களில் நேர்மின்சாரமே வழங்கப்பட்டது. இந்த மூன்றில் முதலாவதன் இரு கூறுகளும், தொட்டியும் இழையின் குறைந்த தடையும், கருவியின் குறைபாடுகள் என்றே அன்று கருதப்பட்டன. தொட்டியில் கைவிட்டு உட்காரச் செய்வது நோயாளிக்குத் தொல்லை; இழைக்குத் தேவையான மின்னோட்டத்தை உடம்பிலிருந்தே இழுத்தாக வேண்டியிருப்பது அளவீட்டுக்குத் தொல்லை. அந்தத் தொல்லைகள்தாம் பதிவை இரைச்சலிலிருந்து காத்துக்கொண்டிருந்தன என்பது அவை நீங்கிய பிறகே தெரிந்தது.

நீக்கியது வால்வு என்னும் வெற்றிடக் குழாய். 1921இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹெர்பர்ட் காசரும் சிட்னி நியூகமரும் நரம்புகளின் மின்துடிப்பை வால்வுப் பெருக்கியால் பெரிதாக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே காசரும் ஜோசப் எர்லாங்கரும் அதை எதிர்முனைக் கதிர்க் குழாயோடு இணைத்தார்கள். வால்வு உடம்பிலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஆகவே பெரிய தொட்டி தேவையில்லை. சின்ன உலோகத் தகடு போதும், ஊசி போதும். கட்டிலருகே தூக்கிச் செல்லும் கருவி சாத்தியமானது. ஆனால் சின்ன மின்வாய்க்கும் தோலுக்கும் இடையே தடை பல மடங்கு கூடுதல். அன்றைய பெருக்கிகளின் உள்ளீட்டில் ஒரு கம்பி எர்த்தோடு கட்டப்பட்டிருக்கும். மற்றக் கம்பியில் எது வந்தாலும், இதயத்தினுடையதானாலும் சுவரினுடையதானாலும், பேதமின்றிப் பெருக்கப்படும். இதே ஆண்டுகளில் மாறுமின்சாரம் நேர்மின்சாரத்தைத் தள்ளிவிட்டு ஊரெங்கும் பரவியது. பிரிட்டன் 1926இல் சட்டம் இயற்றி 50 ஹெர்ட்ஸில் ஒரே மின்கட்டமைப்பை உருவாக்கத் தொடங்கியது. அதுவரை ஊருக்கொரு அதிர்வெண் இருந்தது, வடகிழக்கு இங்கிலாந்தில் 1932 வரை 40 ஹெர்ட்ஸ். அமெரிக்கா 60இல் நிலைத்தது. நுண்மையான காதும் பெரிய ஓசையும் ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்தன. இரைச்சல் மின்சாரத்தின் பிறவிக் குற்றம் என்று சொல்வது ஆகவே சரியில்லை; நாம் அளக்கும் முறையை மாற்றிக்கொண்டபோது அதற்குக் கதவு திறந்தது.

கதவு எவ்வளவு அகலம் என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். கட்டிலில் படுத்திருக்கும் மனிதர் எந்தக் கம்பியையும் தொடாவிட்டாலும், அவருடைய உடம்பும் சுவரிலுள்ள கம்பியும் காற்றால் பிரிக்கப்பட்ட இரு தகடுகள், அதாவது ஒரு மின்தேக்கி. அதன் அளவு மூன்று பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கும் தரைக்கும் இடையே முந்நூறு. இவை பாடநூல்கள் எடுத்துக்கொள்ளும் அளவுகளே. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்த மூன்று பைக்கோஃபாரட் வழியாக உடம்புக்குள் செலுத்தும் மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குதான். உயிருக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் தரையோடு தொடர்பின்றி மிதக்கும் உடம்பில் அது இரண்டு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்கிவிடும். இதயத்தின் குறி ஒரு மில்லிவோல்ட். அதைப்போல் இரண்டாயிரம் மடங்கு. மூளையின் குறி ஐம்பது மைக்ரோவோல்ட் என்றால் நாற்பதாயிரம் மடங்கு. மருத்துவர் ஒரு நோயாளியின் உடம்பை அளக்கப் போகும்போது, அந்த உடம்பு ஏற்கெனவே ஊரின் மின்சுற்றில் ஓர் உறுப்பாக இருக்கிறது. இந்த எளிய உண்மை எண்களோடு தெளிவாக எழுதப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அதற்கு முன் எல்லோருக்கும் தோன்றிய முதல் விடை, நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைப்பது. உலோகக் கூண்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்பதை ஃபாரடே 1836இலேயே செய்து காட்டியிருந்தார். மூளை அலைகளைப் பதிவுசெய்யத் தொடங்கிய ஆய்வகங்கள் செம்பு வலையால் அறை கட்டின. பெருக்கிக்கு மின்கலங்களிலிருந்து மின்சாரம் கொடுத்தன. கூண்டு வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அதன் எல்லை சீக்கிரமே தெரிந்தது. மின்புலத்தைத் தடுக்கும் செம்பு வலை, 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அந்த அலை செம்புக்குள் ஒன்பது மில்லிமீட்டர் ஆழம்வரை ஊடுருவக்கூடியது, மெல்லிய வலை அதற்கு எம்மாத்திரம்! மின்வாய்க் கம்பிகள் அகன்று விரிந்து கிடந்தால் அந்தக் காந்தப்புலம் அவற்றினூடே புகுந்து மின்னழுத்தத்தைத் தூண்டும். கம்பிகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டால் பெரும்பாலும் அடங்கும். காசு செலவில்லாத இந்த முறுக்கல், கவச அறையால் முடியாததைச் செய்தது. அதோடு, அறை என்பது ஆய்வகத்துக்குப் பொருந்தும். பொது வார்டுக்கும் அறுவை அரங்குக்கும் ஆம்புலன்சுக்கும் கூண்டைக் கொண்டுபோக முடியாது. நோயாளியை ஊரிலிருந்து பிரிக்க வழியில்லையென்றால், ஊரோடு சேர்ந்திருக்கும் நோயாளியை அளக்கும் வழியைத்தான் தேடியாக வேண்டும்.

அந்தத் தேடல் இதயத்தைவிட மூளையை முன்னிட்டே சூடுபிடித்தது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். அதை வெளியிட அவருக்கு ஐந்தாண்டு பிடித்தது. இரத்த ஓட்டத்தின் துடிப்பா, தோலின் மின்னோட்டமா, இதயத்தின் குறியா, கருவியின் கோளாறா என்று ஒவ்வொன்றாக ஐயுற்று விலக்கிக்கொண்டிருந்தார். 1929இல் வெளியிட்ட பிறகும் உடலியலாளர்கள் பலர் நம்பவில்லை. நொடிக்குப் பத்து முறை சீராக ஏறி இறங்கும் அலை, சிந்திக்கும் உறுப்பின் இயக்கமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் பிரையன் மாத்யூஸும் அதை மீண்டும் செய்து, உடலியல் சங்கக் கூட்டத்தில் ஏட்ரியனின் தலையிலிருந்தே அலைகளை எடுத்துக் காட்டிய பின்புதான் ஐயம் தணிந்தது. அதே ஆண்டு மாத்யூஸ் ஒரு சிறப்புப் பெருக்கியை விவரித்துச் சிறுகுறிப்பு ஒன்று வெளியிட்டார். அலை தலையின் எந்தப் பகுதியில் எழுகிறது என்று அறியப் பல இடங்களில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். எர்த்தோடு கட்டிய பழைய பெருக்கிகள் இரண்டை ஒரே தலையில் மாட்டினால் இரண்டின் எர்த்தும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். மாத்யூஸின் பெருக்கியில் இரண்டு உள்ளீடுகளும் எர்த்திலிருந்து விடுபட்டவை. அவற்றுக்கிடையேயான வேறுபாட்டை மட்டும் அது பெருக்கியது. ஐந்தோவனின் இழை தானாகவே செய்துகொண்டிருந்ததை வால்வுக்கு மீண்டும் கற்பிக்க வேண்டியிருந்தது.

ஓடத்தில் நிற்கும் இருவரில் யார் உயரம் என்று பார்ப்பதற்கு வெள்ளம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரிய வேண்டியதில்லை. உடம்பு முழுவதையும் இரண்டு வோல்ட் தூக்கி இறக்கும் மின்கம்பி அலை, இடக்கையையும் வலக்கையையும் ஒன்றாகவே தூக்கி இறக்குகிறது. இதயமோ இரண்டையும் வெவ்வேறாக அசைக்கிறது. இந்தக் கருத்து அந்த ஆண்டுகளில் பல கைகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதிர்ந்தது. இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன், தொலைக்காட்சிக் குறியைக் கொண்டுசெல்லும் நீண்ட கம்பிகளில் சேரும் இரைச்சலை ஒதுக்கும் வால்வு இணையொன்றுக்கு 1936இல் காப்புரிமை கோரினார். மருத்துவத்தோடு அவருக்குத் தொடர்பில்லை. அவர் பணியாற்றிய இடம் இ.எம்.ஐ. நிறுவனம். சிகாகோவில் ஃபிராங்க்ளின் ஆஃப்னர் 1937இலும், பெர்லினில் மூளை அலைக் கருவிகளைச் செய்துவிட்டு அமெரிக்கா சென்ற யான் ஃபிரீட்ரிஷ் தன்னீஸ் 1938இலும் தத்தம் சுற்றுகளை வெளியிட்டார்கள். அதே காலத்தில் ஓட்டோ ஷ்மிட்டும் இதில் ஈடுபட்டிருந்தார். மருத்துவக் கருவியும் தொலைக்காட்சிக் கம்பியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. இரண்டிலும் சிக்கல் ஒன்றே: வேண்டிய குறி இரு கம்பிகளுக்கு இடையே இருக்கிறது, வேண்டாதது இரண்டின்மீதும் சமமாக ஏறுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். வேறுபாட்டுப் பெருக்கியும் இரைச்சலை நீக்கும் உத்திதானே, வடிகட்டியிலிருந்து அதைப் பிரித்துப் பேசுவது ஏன்? இரண்டும் பிரித்தறியும் முறை வேறு. வடிகட்டி, அலையின் அதிர்வெண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறது. 50 ஹெர்ட்ஸில் வருவது எதுவானாலும் அதற்கு விரோதி, இதயத்திலிருந்து வந்தாலும் சரி. வேறுபாட்டுப் பெருக்கி, அலை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கிறது. இதயம் தானே எழுப்பும் 50 ஹெர்ட்ஸ் கூறு அதில் சேதமின்றிக் கடந்துபோகும். முன்னது உருவத்தை வைத்துத் தீர்ப்பளிக்கிறது, பின்னது வழியை வைத்து. இந்தக் கட்டுரையின் வாதம் நிற்பது இந்த வேறுபாட்டின்மீதுதான். பெருக்கி வந்ததோடு சிக்கல் முடிந்துவிடவில்லை என்பதே இதற்கு இன்னொரு சான்று. இரு உள்ளீடுகளிலும் சமமாக ஏறும் பொது அழுத்தத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடாத பெருக்கிகள் பிற்காலத்தில் வந்தன. அவற்றோடும் பதிவுகள் கெட்டன. பெருக்கி குற்றமற்றது என்றால் குற்றம் எங்கே?

1973இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹ்யூட்டாவும் ஜான் வெப்ஸ்டரும் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடையை முறையாக அடுக்கியது. ஈ.சி.ஜி.யில் 60 ஹெர்ட்ஸ் குறுக்கீடு என்பதே அதன் பொருள். காந்தப்புலம் கம்பி வளையத்தில் தூண்டுவது, மின்புலம் மின்வாய்க் கம்பிகளுக்குள் செலுத்தும் மின்னோட்டம், உடம்புக்குள் செலுத்தும் மின்னோட்டம், கருவியின் குறைகளால் வருவது என்று வழிகளை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவு கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் தோல் பெரிய இடம் பிடிக்கிறது. ஒரு மின்வாய்க்கும் இன்னொன்றுக்கும் தடையில் இருபதாயிரம் ஓம் வேறுபாடு இருக்கிறது, பெருக்கியின் உள்ளீட்டுத் தடை ஒரு கோடி ஓம், உடம்பின் பொது அழுத்தம் பத்து மில்லிவோல்ட் என்று கொள்வோம். பெருக்கி எவ்வளவு உயர்ந்ததானாலும், இருபது மைக்ரோவோல்ட் இரைச்சல் அதற்குள் நுழைவதற்கு முன்பே உண்மையான வேறுபாடாக மாறிவிடும்; அதன்பின் இதயக் குறியிலிருந்து அதை எந்தப் பெருக்கியாலும் பிரிக்க முடியாது. காய்ந்த பசை, எண்ணெய்ப் பிசுக்கு, மயிர், இறந்த தோல் ஆகியவை ஒரு மின்வாயின் கீழே இருந்து மற்றதன் கீழே இல்லாமற்போவதுதான் அந்த இருபதாயிரம் ஓம். மின்வாய் வைக்குமுன் தோலைத் துடைத்து லேசாகத் தேய்க்க வேண்டும் என்ற விதியை உதவியாளர்களின் வழக்கச் சடங்கு என்று எண்ணுபவர்கள் உண்டு. அது கணக்கிலிருந்து வரும் விதி.

இந்த வரிசையில்தான் வலது கால் மின்வாய் வருகிறது. இரு கைகளையும் ஒரு காலையும் இணைக்கும் ஐந்தோவனின் முக்கோணத்தில் அதற்கு இடமில்லை. உடம்பை எர்த்தோடு கட்டிப் பொது அழுத்தத்தைக் குறைக்கும் கயிறாக அது பின்னால் சேர்ந்தது. ஐம்பதாயிரம் ஓம் தடையுள்ள மின்வாய் வழியாக எர்த் செய்தாலே மேற்சொன்ன இரண்டு வோல்ட் சுமார் பத்து மில்லிவோல்ட்டாக இறங்கும். ஆனால் எர்த் செய்த நோயாளி ஆபத்திலிருக்கும் நோயாளி. அவர் கை பழுதான விளக்கின் உலோகத்தைத் தொட்டால், மின்னோட்டம் தரைக்குப் போக நாமே நல்ல பாதை போட்டுவைத்திருக்கிறோம். இதயத்துக்குள் குழாய் செருகப்பட்டவருக்கு மிகச் சிறிய மின்னோட்டமும் ஆபத்து என்ற அச்சம் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரும் பொது விவாதமாகவே வெடித்தது. இதயத்தை நேரடியாகத் தொடும் கருவிகளில் இயல்பு நிலைக் கசிவு பத்து மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது என்ற எல்லை பன்னாட்டுத் தரவிதிகளில் இடம்பெற்றது. இரைச்சல் குறைய எர்த் வேண்டும், உயிர் தப்ப எர்த் கூடாது. இந்த முரணை அவிழ்த்தது இயக்கப்படும் வலது கால் சுற்று: உடம்பின் பொது அழுத்தத்தை அளந்து, பெருக்கித் தலைகீழாக்கி, வலது கால் வழியாக உடம்புக்கே திருப்பிச் செலுத்துவது. மின்வாயின் தடை பல பத்து மடங்கு குறைந்ததுபோன்ற விளைவு கிடைக்கும். இடையில் வைத்த பெரிய மின்தடை, கோளாறு நேர்ந்தாலும் ஆபத்தான மின்னோட்டம் பாயாமல் காக்கும். அதன் வடிவமைப்பை புரூஸ் விண்ட்டரும் வெப்ஸ்டரும் 1983இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். உடம்பு மின்சுற்றின் உறுப்பு என்பதை ஒப்புக்கொண்டு, அதையே தீர்வின் பகுதியாக்கிய சுற்று இது.

இவ்வளவும் எதற்கு, 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டியெறியும் வடிகட்டி போதாதா என்பது நடைமுறை மனிதரின் கேள்வி. அத்தகைய சுற்றுகள் 1930களிலிருந்தே உண்டு. பொத்தானை அழுத்தினால் கோடு உடனே மெலியும், மருத்துவருக்குப் படிக்க எளிது. பொத்தானுக்கு விலை உண்டு. 2007இல் அமெரிக்க இதயச் சங்கமும் வேறு அமைப்புகளும் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களின் ஈ.சி.ஜி. 150 ஹெர்ட்ஸ் வரையும் குழந்தைகளுடையது 250 வரையும் பதிவாக வேண்டும். 50 அந்த வரம்புக்குள்ளேயே விழுகிறது. 40 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அனைத்தையும் நீக்கும் வடிகட்டியைப் போட்டால் கூர்மையான அலைகளின் உயரம் குறையும். நுண்ணிய வெட்டுகள் மழுங்கும். 50ஐ மட்டும் வெட்டும் வடிகட்டியோ, இதயக் கீழறை சுருங்கும் கூர்முனையைத் தொடர்ந்து தானே சிற்றலைகளை எழுப்பிவிடக்கூடும். மாரடைப்புக்குப் பிறகு ஆபத்தான துடிப்புக் கோளாறு வருமா என்று அறிய, ஃபிலடெல்ஃபியாவில் மைக்கேல் சிம்சன் 1981இல் விவரித்த முறை, கூர்முனையின் வாலில் உள்ள சில பத்து மைக்ரோவோல்ட் அளவிலான குறிகளை உயர் அதிர்வெண்களில் தேடுகிறது. வடிகட்டி அழிக்கும் இடத்தில்தான் செய்தி இருக்கிறது. தசை மின்பதிவில் நிலைமை இன்னும் மோசம்: தோல்வழி எடுக்கும் தசைக்குறியின் ஆற்றலில் பெரும்பகுதி 50க்கும் 150க்கும் இடையே குவிந்திருக்கிறது. அங்கே வடிகட்டுவது களையோடு பயிரையும் பிடுங்குவது.

கணினி வந்தபின் இந்த வாதம் காலாவதியாகிவிட்டது என்று சொல்லலாம். அதற்கு நியாயமும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 1965இல் மாணவர்கள் இருவர் ஒரு பாடத்திட்டப் பணியாகத் தகவமைப்பு இரைச்சல் நீக்கியைச் செய்தார்கள், ஈ.சி.ஜி.யிலிருந்து 60 ஹெர்ட்ஸை நீக்குவதே அதன் நோக்கம். பெர்னார்ட் விட்ரோவும் சகாக்களும் 1975இல் அதன் கோட்பாட்டை விரித்தெழுதினார்கள். சுவர்ச் செருகியிலிருந்தே இரைச்சலின் மாதிரியை எடுத்து, அதன் அளவையும் கட்டத்தையும் தொடர்ந்து திருத்திப் பதிவிலிருந்து கழிப்பது அந்த முறை. சோபியாவில் லெவ்கோவும் சகாக்களும் 1984இல் வேறொரு வழி காட்டினார்கள்: துடிப்புகளுக்கிடையே கோடு நேராக ஓடும் இடங்களில் இரைச்சலை அளந்து, கூர்முனை வரும் இடத்தில் அதே அளவைக் கழிப்பது. இரண்டும் அழகான முறைகள். ஆனால் அவற்றின் வலிமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்று மூலத்தைக் கேட்டறிகிறது. மற்றது இதயம் அமைதியாக இருக்கும் கணத்தைப் பயன்படுத்துகிறது. இரைச்சலின் பிறப்பை அறிந்ததே இரண்டுக்கும் அடிப்படை. விட்ரோவின் முறை, தூய சைன் அலையைப் பொறுத்தவரை, அதிர்வெண்ணைத் தொடரும் குறுகிய வடிகட்டிக்கு நிகரானது என்று 1977இல் ஜான் க்ளோவர் காட்டினார். தொடரும் திறன் அவசியம்: இந்தியாவில் 2002, 2003 ஆண்டுகளில் புதிய கட்டண முறை வருவதற்கு முன் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 49க்கும் கீழே இறங்குவது சாதாரணம். ஐரோப்பாவில் 50க்கென்று செதுக்கிய குறுகிய வடிகட்டி அத்தகைய நாளில் குறி தவறும். பெருக்கி முன்னரே தன் எல்லையை முட்டித் தட்டையாகிவிட்டால், எந்தக் கணிப்பாலும் இழந்ததை மீட்க முடியாது என்பதும் இங்கே சேரும்.

கடைசியாக ஒரு மறுப்பு. கைக்கடிகாரமும் கைப்பேசியும் இன்று மின்கலத்தில் ஓடியபடி ஈ.சி.ஜி. எடுக்கின்றன, சுவரோடு தொடர்பில்லாதபோது சுவரின் இரைச்சல் ஏது? கருவிக்குத் தொடர்பில்லை, உடம்புக்கு உண்டு. உடம்பு இன்னும் அதே அறையில், அதே மூன்று பைக்கோஃபாரட்டோடு இருக்கிறது. சிறிய மிதக்கும் கருவி உடம்போடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் பொது அழுத்தம் அதற்குக் குறைவாகத் தெரியும் என்பது மெய்யான நன்மை. விரல் நுனியின் காய்ந்த தோல் கொண்டுவரும் பெரும் தடை அந்த நன்மையில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். மின்வாய் சின்னதாகும்போதெல்லாம், எடுப்பது எளிதாகும்போதெல்லாம், ஐந்தோவனின் தொட்டி இலவசமாகக் கொடுத்ததை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. நூறாண்டு வரலாற்றிலிருந்து ஒரு முன்னுரிமை வரிசையே கிடைக்கிறது. முதலில் தோலும் பசையும், அடுத்து கம்பிகளின் நெருக்கமும் முறுக்கும், அதன்பின் வலது காலும் வேறுபாட்டுப் பெருக்கியும், எல்லாம் செய்தும் எஞ்சியதற்கு மட்டும் கணிப்பு முறைகள். இந்த வரிசையில் முன்னே போகப்போகச் செலவு குறைவு, இதயத்தின் செய்திக்குச் சேதமும் குறைவு. பின்னே போகப்போக இரண்டும் கூடுகின்றன. பொத்தானிலிருந்து தொடங்கும் வழக்கம் அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அழகான கோடு கிடைத்துவிடுவதால் தவறு நடந்ததே தெரிவதில்லை. தடித்த கோடாவது தான் கெட்டிருப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடும்.